வெள்ளை நிறம் எங்கே? – வாவிக்கரையில் நான் கற்ற நீர்வர்ணப் பாடம்

"ரீச்சர், கொக்குக்குப் பூச வெள்ளை எங்க?"

ஒவ்வோர் ஆண்டும் தரம் 10 சித்திர வகுப்பில், நீர்வர்ணத்தில் முதன்முதலாகப் பறவை வரையும் நாளில், இக்கேள்வி கட்டாயம் எழும். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து தேடுவார்கள். மஞ்சள் இருக்கும், சிவப்பு இருக்கும், நீலம் இரண்டு இருக்கும். வெள்ளைக் குழாய் மட்டும் இராது. அதை எடுத்து ஒளித்து வைத்தவள் நான்தான். "வெள்ளை உங்கள் தாளிலேயே இருக்கிறது. பூசத் தேவையில்லை, தொடாமல் விட்டால் போதும்" என்பேன். பிள்ளைகள் நம்பாமல் பார்ப்பார்கள். அவர்களுடைய வயதில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

இம்முறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு தமிழ் மன்றப் பொறுப்பாசிரியை கேட்டபோது, பரீட்சைக்கு உதவும் குறிப்புகளை எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். பின்னர், இந்த வாவிக்கரையில் அமர்ந்து பறவைகளையும் நீரையும் வரைந்ததில் நான் கற்றதையும், பிழைவிட்டதையும் சேர்த்தே எழுதுவது மாணவிகளுக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் பயன்படும் என்று தோன்றியது. பாடம் பாதியும் அனுபவம் பாதியுமாக இக்கட்டுரை அமைகிறது.

முதற்பிழை

நான் வரைந்த முதற்கொக்கு ஒரு கலண்டர் படத்தைப் பார்த்து வரைந்தது. அப்போது எனக்கு வயது 12. நீலமாக வாவி, நடுவிலே கொக்கு, பின்னால் சூரியன். வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். உம்மாவின் வாப்பா – நாங்கள் அவரை அப்பா என்று அழைப்போம் – படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுவதும் வீச்சுவலையோடு வாவியில் இறங்கியவர்.

"கொக்கு எங்க நிக்கிது புள்ள?" என்று கேட்டார்.

"தண்ணியில அப்பா."

"இந்தத் தண்ணிக்குக் கடும்நீலம் பூசியிருக்கா. அப்ப ஆழம். ஆழத்துல கொக்கு நிக்காது. அதுட கால் நிலத்துல முட்டணும். நீ கொக்கப் பார்க்கல்ல, படத்தத்தான் பார்த்திருக்கா."

அடுத்த வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுது வந்ததும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார். பென்சில் கொண்டுவர விடவில்லை. "இண்டைக்குக் கண்ணால மட்டும் பாரு" என்றார். அன்று நான் கண்ட கொக்கு முழங்கால் அளவுகூட இல்லாத நீரில் நின்றது. நீரின் நிறம் நீலமல்ல. சேற்றின் மஞ்சளும் வானத்தின் சாம்பலும் கலந்த ஒரு நிறம். கொக்கு ஒரு காலால் சேற்றை மெல்லக் கலக்கியது. கலங்கிய இடத்திலிருந்து வெளியே பாய்ந்த மீனைக் கொத்தியது. அந்தக் காலின் விரல்கள் மஞ்சள் நிறம் என்பதை அன்றுதான் கண்டேன். கலண்டர் படத்தில் கால்கள் நீருக்குள் மறைந்திருந்தன.

வரையுமுன் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை எனக்கு முதலில் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீனவர் என்பதை நன்றியுடன் இங்கு பதிவு செய்கிறேன்.

வாப்பும்மாவின் கேள்வி

இரண்டாவது கேள்வி வாப்பும்மாவிடமிருந்து வந்தது. "உசிருள்ளதக் கீறலாமா மகள்?" என்றார். நமது வீடுகளில் இக்கேள்வியைக் கேட்காத மாணவி குறைவு. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன. அதைத் தீர்த்துச் சொல்லும் தகுதி ஒரு சித்திர ஆசிரியைக்கு இல்லை. வாப்பா என்னை ஊரின் மூத்த மௌலவி ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் கருத்துகளைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, கல்விக்காக வரைவதை எங்கள் குடும்பத்தின் தீர்மானத்துக்கு விட்டார். வாப்பும்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பறவைப் படம் எதையும் தொழும் அறையில் மாட்டக்கூடாது. அவர் வபாத்தாகி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. இன்றும் என் வீட்டில் பறவைப் படங்கள் கோப்புகளில்தான் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் வேறு தீர்மானம் எடுத்திருந்தால் அதை மதியுங்கள். நீரும், ஒளியும், கண்டல் மரமும், கட்டி வைத்த தோணியும் ஒரு வாழ்நாள் முழுவதும் வரையப் போதுமானவை. என் வகுப்பில் பறவை வரையாத மாணவிகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். வாவியின் காலை மூடுபனியை அவர்களுள் ஒருத்தி வரைந்ததைப் போல நான் இன்னும் வரையவில்லை.

பறவை வரைந்த முன்னோர்

வரலாற்றில் இத்துறைக்குப் பெரும்பங்கு செய்தவர்களை மாணவிகள் அறிந்திருத்தல் நல்லது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்ஸூர் என்ற ஓவியர் இருந்தார். ஜஹாங்கீர் 1605 முதல் 1627 வரை ஆட்சி செய்தவர்; தாம் கண்ட அரிய பறவைகளையும் பூக்களையும் உள்ளபடி வரையச் சொல்வது அவருடைய வழக்கம். மன்ஸூருக்கு அவர் 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அதிசயம், என்ற பட்டத்தை அளித்தார். மன்ஸூர் வரைந்த சைபீரியக் கொக்கின் ஓவியம் இன்று கொல்கத்தா இந்திய நூதனசாலையில் உள்ளது.

இலங்கையில் ஒல்லாந்த ஆளுநர் லோட்டன் 1752 முதல் 1757 வரை பதவி வகித்தபோது, இந்நாட்டிலேயே பிறந்த பீற்றர் டி பெவரே என்பவரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் நீர்வர்ணத்தில் வரைவித்தார். அவ்வோவியங்கள் ஐரோப்பா சென்று அங்குள்ள இயற்கை ஆய்வாளர்களின் நூல்களுக்கு உதவின. பின்னர் இலங்கையில் பிறந்து கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தாமே எழுதித் தாமே படம் வரைந்த இலங்கைப் பறவைகளின் வழிகாட்டி நூலை 1955இல் வெளியிட்டார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அழகுக்காக மட்டும் வரையவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி அறியத் தருவதற்காகவும் வரைந்தார்கள். இதை நான் மிகவும் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

தேவையான பொருட்கள்

நீர்வர்ணம் என்பது நன்றாக அரைத்த நிறப்பொடியும் அரபிப் பிசினும் சேர்ந்த கலவை. அரபிப் பிசின் அக்கேசியா இன மரங்களில் வடிவது. சூடான் நாட்டிலிருந்து பெருமளவில் உலகெங்கும் செல்கிறது. நீர் பிசினைக் கரைக்கிறது. நீர் உலர்ந்ததும் பிசின் நிறத்தைத் தாளில் ஒட்டவைக்கிறது. ஒளி இந்த மெல்லிய படலத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புவதாலேயே நீர்வர்ண ஓவியம் ஒளிர்கிறது. தடிப்பாகப் பூசினால் அந்த ஒளி செத்துவிடும்.

நிறங்கள் ஆறு போதும்: அல்ட்ராமரைன் நீலம், செரூலியன் நீலம், மஞ்சட் காவி, எலுமிச்சை மஞ்சள், சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பு, ஒரு சிவப்பு. அல்ட்ராமரைனும் சுட்ட சியன்னாவும் சேர்ந்தால் வாவிக்குத் தேவையான சாம்பல் நிறங்கள் எல்லாம் கிடைக்கும். நீலம் கூடினால் மழைமேகம். சியன்னா கூடினால் சேற்று நீர். கறுப்புக் குழாயையும் நான் எடுத்து வைத்துவிடுவேன். இவ்விரண்டையும் கட்டியாகக் கலந்தாலே கொக்கின் அலகுக்குப் போதுமான கறுப்பு வரும்.

தாள் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ளதாயின் நெளியாது. விலை அதிகம் என்பதை அறிவேன். மெல்லிய தாளை நீரில் நனைத்து, பலகையில் விரித்து, நான்கு பக்கமும் பசைத்தாள் நாடாவால் ஒட்டிக் காயவிட்டால் அதுவும் ஓரளவு நெளியாமல் இருக்கும். தூரிகை மூன்று: பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, நுனி கூரான சிறியது ஒன்று.

கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் ஈரக்காற்று தாளின் பகைவன். மாரி காலத்தில் தாளில் பூஞ்சணப் புள்ளிகள் தோன்றும். தாளைப் பொலித்தீனில் சுற்றி, அலுமாரியின் மேற்தட்டில் வையுங்கள். இன்னொன்று: கரைக்குப் போகும்போது கிணற்று நீரைப் போத்தலில் கொண்டு செல்லுங்கள். ஒருமுறை மறந்துபோய் வாவி நீரிலேயே வரைந்தேன். அப்போது நன்றாகத்தான் இருந்தது. உப்புக் கலந்த அந்த நீரில் வரைந்த படம் அடுத்த மாரியில் காற்றின் ஈரத்தை இழுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது.

பார்க்கும் பயிற்சி

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. நமது ஊர் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. வாவி நமக்கு மேற்கே உள்ளது. எனவே காலையில் சூரியன் நம் முதுகுப்புறம் நின்று கொக்கின்மேல் நேராக ஒளி வீசும். கொக்கு வெள்ளையாகத் தெரியும். மாலையில் சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கும்போது அதே கொக்கு ஒளிக்கு எதிரே நிற்கும். அப்போது அது வெள்ளை அல்ல. மின்னும் நீரைவிடக் கருமையான ஒரு நிழலுரு. கொக்கு என்றால் வெள்ளை என்று மனம் சொல்லும்; கண் அப்படிச் சொல்லாது. மனத்தை நம்பாமல் கண்ணை நம்புவதுதான் சித்திரக் கல்வியின் பாதி.

வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல. கறுப்பு அலகும் கறுப்புக் காலும் மஞ்சள் விரல்களும் கொண்டது சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மிக உயரமாக, கழுத்தில் முடிச்சுப் போட்டதுபோல் மடிப்புடன் நிற்பது பெரிய கொக்கு. விரல்களும் கறுப்பாக இருக்கும். மாடு மேயும் இடத்தில் கூடவே நடப்பது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்க காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். குருட்டுக்கொக்கு நின்றால் சேற்று நிறம். எழுந்து பறந்தால் வெண்சிறகு. மாணவிகள் பலர் அதை இரண்டு பறவைகள் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உடலமைப்பில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கொக்கின் காலில் பின்னோக்கி மடிவதாகத் தோன்றுவது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இரண்டு, கொக்கு பறக்கும்போது கழுத்தை மடித்து உள்ளிழுத்துக்கொள்ளும். நாரை கழுத்தை நீட்டிப் பறக்கும். தூரத்தில் ஒரு சிறு கோடாக வரைந்தாலும் இவ்வேறுபாடு தெரிய வேண்டும். மூன்று, நீர்க்காகம் சிறகை விரித்துக் கம்பத்தில் அமர்ந்திருப்பது அழகு காட்டவல்ல. அதன் இறகு நீரை ஊறவிடும் இயல்புடையது. மூழ்கி எழுந்தபின் காயவைக்கிறது. காரணம் தெரிந்தால் கோடு தானாகச் சரிவரும்.

பறவை நமக்காக அசையாமல் நிற்காது. ஆகவே ஒரே பக்கத்தில் ஆறேழு சிறு கோட்டுருவங்களைத் தொடங்கிவிடுங்கள். கொக்கு தலையைத் திருப்பினால் அடுத்த உருவத்துக்குப் போங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். அரைமணி நேரத்தில் ஒன்றிரண்டாவது நிறைவு பெறும்.

ஒரு கொக்கை வரையும் முறை

இனி, கரையில் நிற்கும் சின்னக் கொக்கு ஒன்றை வரையும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது: தீப்பெட்டி அளவில் ஒரு மாதிரிப் படம் வரையுங்கள். வெளிச்சம், நடுநிறம், இருள் என்ற மூன்றையும் பென்சிலால் மட்டும் பிரியுங்கள். கொக்கின் பின்னால் இருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு எட்டு நகர்ந்து உட்காருங்கள். சம்புப் புல்லோ கண்டலோ பின்னால் வரும்வரை நகருங்கள்.

இரண்டாவது: தாளில் மெல்லிய கோட்டில் கொக்கின் எல்லையைக் குறியுங்கள். அழித்து அழித்து வரைந்தால் தாளின் மேற்பரப்பு கெட்டு நிறம் அங்கே கறையாகும்.

மூன்றாவது: பலகையின் மேற்பக்கத்தை ஒரு செங்கல்மீது உயர்த்தி வையுங்கள். கொக்கைத் தவிர்த்து வானத்தையும் நீரையும் சுத்தநீரால் நனையுங்கள். மஞ்சட் காவியை மிக மெல்லியதாகக் கீழ்வானத்தில் இடுங்கள். மேலிருந்து சாம்பல் நீலத்தை இறக்குங்கள். இரண்டும் ஈரத்தில் தாமே கலக்கட்டும். தூரிகையால் மீண்டும் மீண்டும் தொடாதீர்கள்.

நான்காவது: காத்திருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். மாரியில் அரைமணி நேரமும் போகும். புறங்கையைத் தாளருகே வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் உண்டு. என் மாணவிகளின் படங்களில் பெரும்பாலானவை கெட்டது நிறத்தெரிவால் அல்ல, அவசரத்தால்.

ஐந்தாவது: படுவான்கரையின் தூரத்து மரங்களை ஒரே நீலச்சாம்பல் பட்டையாக இடுங்கள். தென்னையை ஓலை ஓலையாக வரையாதீர்கள். தூரத்தில் ஓலை தெரியாது.

ஆறாவது: கொக்கின் பின்னால் இருக்கும் புல்லையும் கண்டலையும் கருமையாகப் பூசுங்கள். தூரிகை கொக்கின் எல்லையைத் தொட்டும் தொடாமலும் செல்லட்டும். இந்த நேரத்தில்தான் வகுப்பில் ஒரு சத்தம் எழும். அதுவரை வெறுந்தாளாகக் கிடந்த இடத்தில் திடீரென்று ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கும். அதை யாரும் பூசவில்லை. சுற்றியுள்ளதைப் பூசினோம், அது வந்துவிட்டது.

ஏழாவது: நீரில் விழும் பிம்பம். இதற்குச் சில விதிகள் உண்டு. பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே வரும். நிழலைப் போல் சூரியனுக்கு ஏற்பச் சாயாது. கால் நீரைத் தொடும் புள்ளியிலிருந்தே பிம்பம் தொடங்க வேண்டும். கருமையான பொருளின் பிம்பம் சற்று வெளிறியும், வெண்மையான பொருளின் பிம்பம் சற்று மங்கியும் இருக்கும். ஆகவே கொக்கின் பிம்பத்துக்கு மெல்லிய சாம்பல் ஒன்றை மேலே இடுங்கள். சிற்றலை இருந்தால் பிம்பம் துண்டுதுண்டாகி நீளும். அலையின் மின்னலுக்கு, நிறம் பூசுவதற்கு முன்பே மெழுகுதிரித் துண்டால் நீரில் ஓரிரு கோடு இழுத்துவிடுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது.

எட்டாவது: இறுதியாகக் கொக்கு. வயிற்றின் கீழும் கழுத்தின் ஒரு பக்கமும் மெல்லிய நீலச்சாம்பல் நிழல். அலகுக்கு ஒரே இழுப்பு. காலுக்கு இரண்டு கோடு. பிறகு தூரிகையைக் கீழே வையுங்கள். இன்னும் கொஞ்சம் திருத்தினால் நன்றாக வரும் என்ற எண்ணம் எழும்போதே படம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் விட்டுவிட்ட லொறி

தொடாமல் விடுவது பற்றி இவ்வளவு எழுதிய நான், விடக்கூடாததை விட்ட கதையையும் சொல்லியாக வேண்டும்.

நான் வழக்கமாக அமரும் இடம், வாவி சற்று உள்வாங்கிய ஒரு மூலை. சம்புப் புல்லும் சில கண்டல்களும் இருந்தன. நீலத் தாழைக்கோழிகள் புல்லுக்குள் நடமாடும். 12 ஆண்டுகள் அங்கிருந்து வரைந்தேன். காலப்போக்கில் அங்கே வெற்றுப் போத்தல்கள் வந்தன, பொலித்தீன் பைகள் வந்தன. பிறகு கிறவல் ஏற்றிய லொறிகள் வந்தன. கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கொக்கை வரைந்தேன். போத்தலையும் லொறியையும் படத்தில் சேர்க்கவில்லை. "படம் அசிங்கமாகிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாரியில் அந்த மூலைக்குப் பின்னால் இருந்த வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது. முன்னர் மழைநீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி மெல்ல வாவிக்குள் இறங்கும். இப்போது இறங்க வழியில்லை. வீட்டார் சேர்ந்து மனு எழுதினார்கள். அவ்விடம் எப்படி இருந்தது என்று காட்டுவதற்கு என் ஓவியங்களைக் கேட்டார்கள். நான் பெருமையோடு சட்டமிட்ட இரண்டு படங்களை எடுத்துச் சென்றேன். உரிய அலுவலர் அவற்றைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: "அழகான படம்தான் ரீச்சர். ஆனால் இது அந்த இடம்தான் என்பதற்கு இதில் என்ன இருக்கிறது? எந்தத் திகதி? மண் எதுவரை வந்திருந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அப்பா அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் மீண்டும் படத்தைத்தான் பார்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய குறிப்புக் கொப்பிகளை எடுத்தேன். ஓவியத்துக்கு முன் பென்சிலால் விரைவாகக் கீறும் கொப்பிகள் அவை. யாருக்கும் காட்ட எண்ணாததால் அவற்றில் நான் எதையும் அழகுபடுத்தவில்லை. திகதி, நேரம், காற்றின் திசை, நீர்மட்டம் எந்தக் கண்டலின் வேர்வரை இருந்தது, எத்தனை கொக்கு, எத்தனை தாழைக்கோழி என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தேன். கடைசி இரண்டு கொப்பிகளில், எரிச்சலில் கிறுக்கியதுபோல் லொறியின் சக்கரமும் மண்மேடும்கூட இருந்தன. அப்பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தோம். பல மாதங்கள் சென்றன. நிரப்பும் வேலை பாதியில் நின்றது. என் கொப்பி மட்டும் அதைச் செய்ததாக நான் சொல்லமாட்டேன். வெள்ளத்தில் நனைந்த குடும்பங்கள் அலைந்த அலைச்சலே அதற்குக் காரணம். ஆனால் மனுவோடு இணைத்த தாள்களில் என் கிறுக்கலும் இருந்தது. சட்டமிட்ட ஓவியங்கள் இருக்கவில்லை.

நிரப்பிய பாதி நிரப்பியதாகவே கிடக்கிறது. மீதியில் சம்பு மீண்டும் வளர்ந்திருக்கிறது. கொக்கு வருகிறது. தாழைக்கோழியை நான் இன்னும் அங்கு காணவில்லை.

ஓவியத்தில் எதை விடுவது என்று தெரிவுசெய்யும் உரிமை ஓவியருக்கு உண்டு. அது கலை. ஆனால் கண்டதைக் காணாததுபோல் விடுவது வேறு. மன்ஸூரும் டி பெவரேயும் ஹென்றியும் பறவையின் நகத்தையும் விடாமல் வரைந்தது ஏன் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இப்போது என் மாணவிகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கொப்பி: ஒன்று ஓவியத்துக்கு, மற்றது உள்ளதை உள்ளபடி குறிக்க. இரண்டாவதில் குப்பையும் இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

"சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்கும் பெற்றோரின் கவலை எனக்கு விளங்கும். எல்லா மாணவிகளும் ஓவியராக வேண்டியதில்லை. என் வகுப்பில் படித்தவர்களுள் வைத்தியத்துறைக்கும் விஞ்ஞானத்துறைக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் சென்றவர்கள் உள்ளனர். அரைமணி நேரம் ஒரு பொருளைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் எந்தத் துறையிலும் வீணாகாது.

பெண்பிள்ளை கரையில் தனியே அமர்வதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்; நானும் அதைச் சொல்லவில்லை. என்னை அழைத்துச் சென்றவர் அப்பா. பின்னர் வாப்பா, அதன்பின் தம்பி. வார இறுதியில் ஒருநாள், மீன் வாங்கக் கரைக்குப் போகும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். அவள் வரையும் நேரத்தில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பறவை முன்பு வந்தது, இப்போது வருவதில்லை, நீர் முன்பு எதுவரை நின்றது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அவளுடைய கொப்பியின் ஓரத்தில் எழுத வேண்டியவை அவை.

மாணவிகளுக்குப் பயிற்சி

அடுத்த தவணைக்குள் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒரே இடத்திலிருந்து நான்கு வாரங்கள், வாரம் ஒருமுறை, நீரின் நிறத்தை மட்டும் ஒரு சிறு சதுரத்தில் பூசுங்கள். திகதியும் நேரமும் எழுதுங்கள்.

2. வெள்ளை நிறத்தைப் பயன்படுத்தாமல் ஒரு வெள்ளைப் பொருளை வரையுங்கள். கொக்கு வேண்டாம் என்றால் முட்டையோ, கொடியில் காயும் வெள்ளைத் துணியோ போதும்.

3. வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் வாவி பற்றி ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே கொப்பியில் எழுதுங்கள்.

கொண்டு வந்து காட்டுங்கள். மதிப்பெண் போடமாட்டேன், சேர்ந்து பார்ப்போம். மாரி முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், தரம் 10 மாணவிகளோடு அந்த மூலைக்கு ஒருமுறை போக எண்ணியிருக்கிறேன். தாழைக்கோழி வந்திருந்தால் அதற்குத் தேவையான நீலத்தைக் கொண்டு வருகிறேன். வராவிட்டால், வரவில்லை என்று திகதியோடு எழுதி வைப்போம்.